ஸ்லாட்டில் உட்கார்ந்த ராம் ஏன் வேலை செய்யவில்லை?

உங்கள் அக்கா ஒரு பெரிய ஒர்க்ஸ்டேஷன் கணினியில் பிளெண்டர் மென்பொருளைக் கொண்டு அனிமேஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் 16 ஜிபி ராம் போதவில்லை. காட்சி கொஞ்சம் பெரிதானாலே கணினி திணறுகிறது. இன்னொரு 16 ஜிபி ராம் வாங்கி வந்து ஸ்லாட்டில் வைத்து அழுத்துகிறார். கிளிப் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறது. பவர் பட்டனைத் தட்டினால் மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம். புது ராமைக் கழற்றிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடுகிறது!

கடைக்காரர் கெட்டுப்போன ராமைக் கொடுத்துவிட்டார் என்றுதான் உடனே தோன்றும். ஆனால் அந்த ராம் நல்ல ராமாகவே இருக்கலாம். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் ஒன்றே, 13 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அடிவிளிம்பில் இரண்டுக்கும் 288 தங்கநிறத் தொடுமுனைகள். இரண்டும் டிடிஆர்4 தலைமுறை. விளிம்பில் உள்ள சின்ன வெட்டுகூட ஒரே இடத்தில்தான். இப்போது இருபுறமும் உள்ள பெரிய கறுப்புச் சிப்புகளை எண்ணுங்கள். புதியதில் 16, பழையதில் 18! பழையதன் நடுவில் வேறு அளவில் தனியாக ஒரு சிப்பும் இருக்கிறது. நம் துப்பறியும் வேலை இங்கே தொடங்குகிறது.

அடுத்து லேபிளைப் படிப்போம். பழையதில் '16ஜிபி 1ஆர்×4 பிசி4-2400டி-ஆர்' என்று தொடங்குகிறது. புதியதில் '16ஜிபி 2ஆர்×8 பிசி4-2400டி-யு'. 2400 என்பது வேகம். ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 240 கோடி முறை தரவு நகர்கிறது என்று பொருள். அது இரண்டிலும் ஒன்றே. வேகம் மாறியிருந்தாலும் பெரிய தகராறு வராது. பொதுவாக எல்லா ராமும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். தகராறு கடைசியில் உள்ள அந்த 'ஆர்', 'யு' எழுத்துகளில் இருக்கிறது.

'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு வகை. நடுவில் தனியாக இருந்ததே, அந்தச் சிப்தான் ரெஜிஸ்டர். அது என்ன செய்கிறது? பள்ளி மைதானத்தில் நிறைய வரிசைகள். மைக் இல்லை. ஆசிரியர் 'வலப்புறம் திரும்பு' என்று கத்தினால் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்காது. அதனால் நடுவில் ஒரு மாணவர் நின்று, ஆசிரியர் சொன்னதைக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்கிறார். கணினியில் ஆசிரியர் இடத்தில் இருப்பது பிராசசருக்குள் உள்ள நினைவகக் கட்டுப்படுத்தி. 'இந்த முகவரியில் இருப்பதை எடு' என்று அது கட்டளை அனுப்பும். ஒவ்வொரு சிப்பும் அந்தக் கட்டளையின் மின்சாரத்தில் கொஞ்சத்தை உறிஞ்சும். சிப்புகள் கூடக்கூட சைகையின் வடிவம் மழுங்கும். எட்டு ஸ்லாட், பதினாறு ஸ்லாட் உள்ள பெரிய கணினிகளில் இது பெரும் தொல்லை. ரெஜிஸ்டர் சிப் கட்டளையைத் தானே வாங்கி, புது பலத்தோடு மற்றச் சிப்புகளுக்குத் தருகிறது.

அப்படித் தரும்போது ஒரு கடிகாரத் துடிப்பு தாமதமாகிறது. 'யு' வகையில் அப்படி நடுவில் நிற்பவர் கிடையாது. கட்டளை நேரே போய்விடும். ஒரே கணினியில் சிலர் நேரே கேட்டும் சிலர் ஒரு துடிப்பு தள்ளிக் கேட்டும் திரும்பினால் வரிசை என்னாகும்? கட்டுப்படுத்தி அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுப்பதில்லை. எல்லா ஸ்லாட்டிலும் ஒரே வகைதான் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பீப் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

சரி, பழைய ராமில் கூடுதலாக இருந்த இரண்டு சிப்புகள் எதற்கு? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ராமின் ஒவ்வொரு அறையிலும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு குட்டி மின்தேக்கியும் உண்டு. இந்த எளிய அமைப்பை ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு உருவாக்கினார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த ஒற்றை 1 அல்லது 0தான் ஒரு பிட். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு அறையையும் படித்து மறுபடி எழுத வேண்டும். நம் ராமில் உள்ள ஒரே ஒரு சிப்பில் 850 கோடிக்கும் மேல் அறைகள். உலகத்து மக்கள்தொகையைவிட அதிகம்! இவ்வளவு நுண்ணிய அறை ஒன்றை, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரான் தாக்கினால் 1 என்பது 0 ஆகிவிடலாம், 0 என்பது 1 ஆகிவிடலாம்.

2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு முறையில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு வேட்பாளருக்கு, அவர் வாங்கியிருக்கவே முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. திரும்ப எண்ணினார்கள். கூடுதலாக இருந்தவை சரியாக 4096. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16... பன்னிரண்டாவதாக வருவது 4096. அதாவது ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருந்தது. மென்பொருளில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. காஸ்மிக் கதிரின் வேலையாக இருக்கலாம் என்பதே பலரின் ஊகம்.

இப்படிப் புரளும் பிட்டைப் பிடிக்கும் வழியை ரிச்சர்டு ஹாமிங் என்ற கணிதவியலாளர் 1950இல் வெளியிட்டார். அவர் வேலை பார்த்த பெல் ஆய்வகத்துக் கணினி, வாரக் கடைசியில் ஆளில்லாத நேரத்தில் பிழை கண்டால் அவர் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இயந்திரம், அது எந்த இடத்தில் என்றும் கண்டுபிடிக்கலாமே என்று யோசித்தார். பிழை திருத்தும் டிடிஆர்4 ராமில் 64 பிட் தரவோடு 8 சரிபார்ப்பு பிட்டுகள் சேர்ந்து போகின்றன. ஒரு பிட் புரண்டால் அங்கேயே திருத்திவிடலாம். இரண்டு புரண்டால் தவறு என்று சொல்லிவிடலாம். நம் பழைய ராமில் ஒவ்வொரு சிப்பும் 4 பிட் தரும். 64ஐ 4ஆல் வகுத்தால் 16 சிப். 8ஐ 4ஆல் வகுத்தால் 2 சிப். மொத்தம் 18. நீங்கள் எண்ணிய கணக்கு சரிதான்!

ரெஜிஸ்டர் இல்லாமல் பிழை மட்டும் திருத்தும் ராமும் உண்டு. அதன் லேபிளில் 'இ' எழுத்து இருக்கும். அதற்கு மதர்போர்டும் பிராசசரும் இரண்டுமே இடம் கொடுக்க வேண்டும்.

தலைமுறை மாறியிருந்தால் ராம் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. மாற்றிச் செருகிச் சிப் கருகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் வெட்டை வேறு வேறு இடத்தில் வைத்தார்கள். இறங்காத ராமை ஒருபோதும் பலம் கொடுத்து அழுத்தாதீர்கள். டிடிஆர்5இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது: 'ஆர்' வகைக்கும் 'யு' வகைக்கும்கூட வெட்டு தனித்தனி. அக்காவுக்கு நேர்ந்த குழப்பம் அங்கே வராது.

இனி சோதனை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும். நம் தோலுக்கு உறைக்காத அளவு மின்சாரமே ஒரு சிப்பைக் கொன்றுவிடக்கூடும். ராமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் பழைய ராம் மட்டும். கணினி எழுந்ததா? பிறகு மறுபடி மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதே ஸ்லாட்டில் புதியது மட்டும். எழவில்லை என்றால் ராம் தவறான வகை அல்லது பழுது. தனியாக எழுந்து, சேர்த்தால் மட்டும் எழவில்லை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை, அல்லது இரண்டாவது ஸ்லாட்டில் கோளாறு. எந்த ஸ்லாட்டை முதலில் நிரப்ப வேண்டும் என்பதும், எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கணினியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ராமின் லேபிளைப் படம் பிடித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். சரியான ராமைப் போட்ட பிறகும் முதல் தடவை திரை சிறிது நேரம் கறுப்பாக இருக்கலாம். ஒவ்வொரு ராமிலும் தன் விவரம் முழுவதும் எழுதிய ஒரு பொடிச் சிப் உண்டு. டிடிஆர்4இல் அதன் கொள்ளளவு வெறும் 512 பைட். கணினி அதைப் படித்து, ஒவ்வொரு தடத்திலும் சைகை வந்து சேரும் நேரத்தை அளந்து சரிசெய்துகொள்கிறது. டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு பட்டனை அமுக்க வேண்டாம். எழுந்ததும் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். அறை அறையாக எழுதிப் படித்துப் பார்க்கும். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கேட்கலாம்.