படிக்க முடியாத கோப்புக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைக்கு ஒரு சீன இயந்திரம் வருகிறது. அதன் பழைய மென்பொருளை ஆங்கில விண்டோஸில் ஏற்றினால் பொத்தான்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகவோ குழம்பிய எழுத்துகளாகவோ தெரியலாம். இதற்குத் தீர்வு எளிது. கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதிக்குப் போய், யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழியை எளிய சீனமாக மாற்றி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீனா 1980லேயே எந்த எண் எந்த எழுத்து என்பதை ஜிபி2312 என்ற தேசியத் தரமாக வகுத்தது. பின்னர் வந்த ஜிபி18030ஐத் தன் நாட்டில் விற்கும் மென்பொருள்களுக்குக் கட்டாயமும் ஆக்கியது. அதனால் விண்டோஸுக்கு அந்தக் கணக்கு தெரியும். அதே பட்டறை உரிமையாளரின் நிலப் பத்திர வரைவு கன்னடத்தில் மின்னஞ்சலில் வந்து, புள்ளியும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் திரையில் விரிந்தால், அதைச் சரிசெய்ய அப்படி ஓர் அமைப்பே விண்டோஸில் கிடையாது.

கன்னடத்துக்கும் தமிழுக்கும் யூனிகோடு எனும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இஸ்கி தரமும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் அலுவலக மேசைக்கு இவை வந்து சேரவில்லை. விண்டோஸில் கன்னடம் முறையாகத் தெரிந்ததே 2001இல் எக்ஸ்பி வந்த பிறகுதான். அந்தக் காலகட்டத்தில் பரஹ, நுடி போன்ற மென்பொருள்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் கன்னட வடிவங்களை வைத்து வேலையை நடத்தின. தமிழில் பாமினியும் வானவில்லும் செய்தது இதையேதான். அந்த நாளில் அது பெரிய சேவை, மறுக்க முடியாது. ஆயினும் அத்தகைய கோப்பைக் கணினி இன்றுவரை ஆங்கிலம் என்றே நம்புகிறது. எழுத்துரு இருந்தால் கண்ணுக்குக் கன்னடம், இல்லையென்றால் குப்பை.

"எழுத்துரு இலவசம்தானே, இறக்கிக்கொள்ளுங்கள்" என்பது அலுவலகங்கள் சொல்லும் வழக்கமான பதில். கைப்பேசியில்தான் ஆவணம் பார்ப்பவருக்கு அது எளிதல்ல. பார்வையற்றவருக்கோ எழுத்துருவால் பயனே இல்லை: திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகளைத்தான் உச்சரிக்கும். "அப்படியானால் பிடிஎஃப் தருகிறோம்" என்றால், எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது, திரைவாசிப்பானும் பழையபடியே தடுமாறும். படிக்கும் தகுதியைக் கோப்புக்குக் கொடுக்க வேண்டியது அதை உருவாக்கியவரின் கடமை என்று நான் சொல்வது இதனால்தான். மத்திய அரசு 2009லேயே மின்னாளுகைக்கு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. தமிழ்நாடும் 2010இல் அதற்கான அரசாணை வெளியிட்டது. நுடியின் பிந்தைய பதிப்புகளிலேயே ஒருங்குறி உண்டு. புதிய ஆவணத்தைப் பழைய முறையில் அடிப்பதற்கு இனி தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை.

சட்டமும் குடிமக்கள் பக்கம் நிற்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 7(9) பிரிவு, கேட்ட வடிவிலேயே தகவலைத் தர வேண்டும் என்கிறது. எனவே மனுவில் "ஒருங்குறி எழுத்தில், தேடக்கூடிய மின்கோப்பாக" என்று தெளிவாக எழுதுங்கள். கர்நாடக விதிப்படி மனு ஒரே பொருளைப் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதே 7(9) அலுவலகத்தின் வளத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் கோரிக்கைகளுக்கு விலக்கும் தருகிறது. ஒரு கிடங்கு நிறைய பழைய பதிவுகளைக் கேட்டால் அந்த விலக்கு நியாயம். ஒற்றைக் கடிதத்துக்கு அதைக் காட்டினால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 7ஆம் பிரிவோ, சட்டப்படி பாதுகாக்க வேண்டிய ஆவணத்தை மின்வடிவில் வைத்தால் அது பின்னாளில் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவின்படி மின்னணு உள்ளடக்கம் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். அது மீறப்பட்டால் புகார் செய்ய மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்.

சட்டத்துக்குக் காத்திராமல் அவசரத்தில் செய்யும் வேலைகளில்தான் ஆபத்து அதிகம். அறிமுகமில்லாத தளத்திலிருந்து எழுத்துருவை இறக்குவது அற்ப விஷயமல்ல. 2011இல் வெளிப்பட்ட டியூகூ என்ற உளவு நிரல், வேர்டு ஆவணத்துக்குள் வைத்த எழுத்துருவின் வழியாகத்தான் விண்டோஸுக்குள் நுழைந்தது. பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறியாக்கும் இணைய மாற்றிகளில் கிரயப் பத்திரத்தை ஒட்டினால் முகவரி, சர்வே எண், ஆதார் எண் எல்லாம் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போய்ச் சேரும். கணினியிலேயே ஓடும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். சீன மென்பொருளுக்காக மொழி அமைப்பை மாற்றுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: அதே கணினியில் பழைய தமிழ், கன்னட மென்பொருள்கள் ஓடினால் அவற்றின் எழுத்துகள் சிதையக்கூடும். இயந்திரத்துக்குத் தனிக் கணினி ஒதுக்குவது நல்லது.

மாற்றிய பிறகும் வேலை முடிந்துவிடாது. பழைய முறையில் தமிழின் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகும்; ஒருங்குறியில் பின்னால். கன்னடத்தில் மெய்க்கு முன் ஒலிக்கும் 'ர்' ஒலியின் குறியான அர்க்காவொத்து வலப்பக்கம் எழுதப்படும். ஒருங்குறியில் முதலில் வரும். மாற்றிகள் இடறுவது இங்கேதான். ஆகவே பெயர்களையும் சர்வே எண்களையும் நான்கெல்லைகளையும் அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் கூடவே வைத்திருங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒருங்குறிப் பிரதியைப் பத்திர எழுத்தரிடமே கேட்டு வாங்குங்கள்.