அறுந்த இடம் எது?

வீட்டுக் கணினியில் இணையம் நின்றவுடன் நம்மில் பலர் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். அதிலும் பலன் இல்லையென்றால் சேவை நிறுவனத்துக்குப் புகார் செய்துவிட்டு, ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள். மறுநாள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவேண்டிய பிள்ளைக்கும், வெளிநாட்டிலுள்ள மகனோடு பேச ஏங்கும் தாய்க்கும் அந்தக் காத்திருப்பு எத்தனை கஷ்டம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். தொடர்பு எங்கே அறுந்தது என்று தெரிந்துகொண்டால் அதைப் பல சமயங்களில் தவிர்த்துவிடலாம்.

கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே ரேடியோ அலைகளால் நடைபெறுவது ஒரு தொடர்பு; அங்கிருந்து தெருக் கம்பங்களின் வழியே நிறுவனத்தின் நிலையம் வரை ஃபைபர் கேபிளில் செல்வது மற்றொன்று. வைஃபை என்பது முதலாவது மாத்திரமே. ஆகையால், திரையில் வைஃபை அடையாளம் பூரணமாகத் தெரிகையிலேயே இணையம் அடியோடு இல்லாதிருப்பதும் சாத்தியந்தான்.

எது அறுந்தது என்பதைக் கண்டுபிடிக்க, ஒரு செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதை மறந்தால் பரிசோதனையே வீண்), அதே வைஃபையில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லையென்றால் ஃபைபர் கேபிள் வந்து சேரும் மோடத்தின் விளக்குகளைக் கவனியுங்கள், எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கணினியைக் குடைவதில் பிரயோஜனமில்லை. கேபிள் மோடத்தில் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிறுவனத்தை அழையுங்கள்.

செல்போனில் திறந்து, கணினியில் மாத்திரம் திறக்காவிடில், கோளாறு பெரும்பாலும் கணினியில்தான். ஃப்ளைட் மோடு தவறுதலாக இயங்கிக்கொண்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கணினி பழையதையே வைத்திருக்கலாம். இணைப்பை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே அதற்குப் பரிகாரம். அதற்கும் தீரவில்லையென்றால், விண்டோஸ் கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் காணப்படும் ஐ.பி. விலாசத்தைப் பாருங்கள். அது 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முறையாக விலாசம் வழங்கியிருக்கிறது, 169.254 என்று தொடங்கினாலோ, ரவுட்டரிடம் கேட்டுக் கிடைக்காமல் கணினி தானே ஒரு விலாசத்தைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில்தான் ரவுட்டரையும் கணினியையும் அணைத்துப் போடுவது உண்மையான வைத்தியமாகும். விலாசம் சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் குறை இருக்கலாம். நெட்வொர்க் அமைப்புகளில் அதன் விலாசமாக 8.8.8.8 என்று இட்டுப் பார்ப்பது வழக்கம்.

விட்டுவிட்டு வரும் இணைப்பு வேறு ஜாதி. டி.வி.க்குப் பின்னாலோ இரும்பு பீரோவை ஒட்டியோ ரவுட்டரை ஒளித்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உலோகமும் கான்கிரீட் சுவரும் அலைகளைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும்; ஆனால் அண்டை வீட்டு ரவுட்டர்களும், சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். சுவரைக் கடக்கும் சக்திதான் குறைவு. கணினி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-ஐயும், தூரத்து அறையில் இருந்தால் 2.4-ஐயும் தேர்ந்துகொள்வதே உசிதம்.

ஒரு வேண்டுகோள்: ரவுட்டரின் பின்புறத்திலுள்ள சிறு ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தாதீர்கள். நிறுவனத்தார் பதிந்துவைத்த இணைப்பு விவரங்கள் அதனால் அழிந்துபோகக்கூடும். பிறகு அவர்கள் உதவியின்றி இணைப்பு மீளாமல் போகலாம்.