கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்

வலங்கைமான் வட்டாரத்தில் வாழும் நாம், சோழர் என்றதும் அவர்தம் வெற்றிகளையே எண்ணி மகிழ்கின்றோம். கன்னட நாட்டு இராட்டிரகூடர் சோழரை வீழ்த்திய வரலாறும் நாம் கற்கத்தக்கதே. மானியகேடத்திலிருந்து ஆண்ட இவர்தம் வேந்தரை, கி.பி. 851-இல் எழுந்த அரபு நூலொன்று 'பல்ஹரா' எனக் குறித்து, உலகின் பேரரசர் நால்வருள் ஒருவராக வைக்கின்றது. 'வல்லபராசன்' என்பதே அவ்வாறு திரிந்தது.

கி.பி. 949-இல் தக்கோலப் போரில் மூன்றாம் கிருஷ்ணன் வென்றான். முதற் பராந்தகன் மைந்தன் இராசாதித்தன் யானைமேலிருந்தே மாண்டான். 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' எனத் தமிழ்க் கல்வெட்டுகள் வென்றவனைப் போற்றுகின்றன. ஆயின் அவன் கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் மிகுதி. காவிரிக் கரையிலோ அரிது. ஆகவே 'கொண்ட' என்பது நிலைத்த ஆட்சியன்று, படையெடுப்பின் பெருமிதமே எனக் கருதுகின்றோம். அரசர்தம் புகழுரையைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும். சோழர் மெய்க்கீர்த்திகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.