ஆகாயத்து ரேடியோவுக்குச் சந்தா கட்டலாமா?

காற்றுக்கும் வெயிலுக்கும் நாம் காசு கொடுப்பதில்லை. ரேடியோவில் வரும் சங்கீதமும் காற்றோடு காற்றாகத்தானே வருகிறது, அதற்கு எதற்காகப் பணம் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் சற்று வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் தேசத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால், லைசென்ஸ் புஸ்தகத்தைத் தபாலாபீஸுக்கு எடுத்துச் சென்று, வருஷந்தோறும் கட்டணம் செலுத்தி, முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். 1980-களில்தான் அந்த ஏற்பாடு மறைந்தது. ஆகவே, கேட்பதற்குக் காசு கொடுப்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்ததற்கு என்ன கிடைக்கிறது, இன்று கிடைப்பது நாளைக்கும் கிடைக்குமா என்பவையே கேள்விகள்.

இக்கேள்விகளைச் சமீபத்தில் நம்மிடம் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர். புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். காரோடு கூடச் சாட்டிலைட் ரேடியோவும் மூன்று மாதத்துக்கு இனாமாக வந்திருக்கிறது. இனாம் முடியும் சமயம் நெருங்கிவிட்டது. சந்தா கட்டலாமா, வேண்டாமா என்று எழுதியிருந்தார். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் பதில் கணக்காகத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

முதலில் சரக்கு இன்னதென்று பார்ப்போம். சாதாரண எப்.எம். ரேடியோ ஒரு நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் எட்டும். அதற்கு மேல் போனால் பாட்டு தேய்ந்து, இரைச்சல் வளர்ந்து, கடைசியில் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். அமெரிக்கா போன்ற பரந்த தேசத்தில், நாள் முழுவதும் ஒரே சாலையில் கார் ஓட்டுகிறவருக்கு இது பெருந் தொல்லை. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் கோளை நிறுத்தி, அங்கிருந்து ஒலிபரப்பினால் ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் ஒரே நிலையத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம் அல்லவா? இதுதான் யோசனை.

அந்நாட்டு சர்க்கார் 1997-ம் வருஷம் இதற்கான இரண்டு உரிமங்களை ஏலம் விட்டது. பிற்பாடு சிரியஸ் என்று பெயர் பெற்ற கம்பெனி ஒன்றை எட்டுக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தது; எக்ஸ்.எம். என்ற கம்பெனி மற்றொன்றை ஒன்பது கோடிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து எடுத்தது. எக்ஸ்.எம். கம்பெனியார் 2001-ம் வருஷம் பசிபிக் சமுத்திரத்தில் மிதக்கும் மேடை ஒன்றிலிருந்து இரண்டு கோள்களை ஏவினார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் 'ராக்', 'ரோல்'. நம்மவர்களிடம் விட்டிருந்தால் 'சுருதி', 'லயம்' என்று வைத்து, சுருதி சற்றுத் தாமதமாகக் கிளம்பியதைப் பற்றி விமர்சனமும் எழுதியிருப்பார்கள்.

சிரியஸ் கம்பெனியார் வேறு வழி போனார்கள். ஒரே இடத்தில் நிற்கும் கோள் வடக்கே உள்ள ஊர்களுக்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து தெரியும். கட்டிடங்களும் மலைகளும் மறைக்கும். ஆகையால் மூன்று கோள்களை நீண்ட வட்டப் பாதையில் சுழல விட்டார்கள். ஒவ்வொன்றும் தினம் பதினாறு மணி நேரம் வட அமெரிக்காவின் தலைக்கு மேலே உலாவி வந்தது. எந்த நேரத்திலும் இரண்டு கண்ணுக்கெட்டும் வானத்தில் இருந்தன.

இதிலே நாம் மிகவும் ரசித்தது ஒரு சிறு தந்திரத்தை. கார் ஒரு பாலத்தின் அடியில் புகுந்தால் வானம் மறைந்துவிடும். பாட்டும் அறுந்துபோக வேண்டும். ஆனால் போவதில்லை. ஏனெனில் ஒரே பாட்டை ஒரு கோள் முன்னதாகவும், மற்றொன்று ஏறக்குறைய நான்கு விநாடி பின்னதாகவும் அனுப்புகின்றன. முன்னே வந்ததைக் கருவி தன் ஞாபகத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, பின்னே வருவதற்குச் சமமாகத்தான் பாடுகிறது. பாலத்தடியில் விட்டுப்போனதை மற்றதிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அட்சரம் பிசகாமல் எழுதி வைத்திருப்பதால், பாடத்தில் நாலு வார்த்தை தூங்கிவிட்ட பையன் பிழைத்துக்கொள்வதைப் போல! பெரிய நகரங்களில் உயர்ந்த கட்டிடங்கள் வானத்தை அடைத்துக்கொள்வதால் தரையிலும் மறு ஒலிபரப்புக் கம்பங்கள் நாட்டியிருக்கிறார்கள். நீண்ட சுரங்கப் பாதையில் மட்டும் எந்தத் தந்திரமும் பலிப்பதில்லை.

இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே? தொடக்கத்தில் எக்ஸ்.எம். மாதம் 9.99 டாலரும், சிரியஸ் 12.95 டாலரும் வாங்கின. விளம்பரம் இல்லாத சங்கீதம் என்பது இவர்களுடைய பெரிய கவர்ச்சி. (பேச்சு நிலையங்களில் விளம்பரம் உண்டு, அதை அவ்வளவு பெரிய எழுத்தில் போடுவதில்லை.) ஆனால் ஜனங்கள் சங்கீதத்துக்காக மட்டும் ஓடி வரவில்லை. ஆகவே பிரசித்தமான பேச்சாளர்களையும் பந்தாட்டங்களையும் விலை கொடுத்து வாங்கினார்கள். ஹவர்டு ஸ்டெர்ன் என்ற ஒரே பேச்சாளருக்கு ஐந்து வருஷத்துக்கு ஐம்பது கோடி டாலர் என்று 2004-ம் வருஷம் ஒப்பந்தமாயிற்று. ஒருவர் வாய் திறப்பதற்கு இவ்வளவா என்று வாத்தியார்கள் பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. வகுப்பில் நாம் வாய் திறந்தால் சந்தாதாரர் சேருவதில்லை. இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்துக் கடனில் ஆழ்ந்தன. கடைசியில் 2008-ம் வருஷம் ஜூலையில் சர்க்காரின் அனுமதி பெற்று இரண்டும் ஒன்றாயின. அதுமுதல் அந்நாட்டில் இந்த வியாபாரத்துக்குக் கடை ஒன்றுதான். 2024-ம் வருஷ முடிவில் சுமார் 3 கோடியே 30 லட்சம் சந்தாதாரர்கள் அதற்கு இருந்தார்கள்.

இனி நம் கணக்குக்கு வருவோம். திட்டத்துக்குத் திட்டம் விலை மாறுகிறது. ஆதலால் உதாரணத்துக்கு மாதம் 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 20 என்பது 20 அல்ல. பாட்டு உரிமைக் கட்டணம் என்று ஒன்று 2009-ம் வருஷம் முதல் தனியே சேர்க்கப்பட்டு வருகிறது. சங்கீத நிலையங்கள் அடங்கிய திட்டங்களில் அது சந்தாவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. ஆக 24 டாலருக்கு மேல், வரி தனி. மாதத்தில் 22 நாள் வேலைக்குப் போகிறவர், போக ஒரு மணி, வர ஒரு மணி கார் ஓட்டினால் 44 மணி நேரம் ஆகிறது. மணிக்கு அரை டாலருக்குச் சற்று அதிகம். இது மோசமில்லை. அதே சந்தாவைக் கட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் ஆபீஸ் போய்ச் சேருகிறவருக்கோ மாதத்தில் ஏழரை மணி நேரங்கூடத் தேறாது. மணிக்கு மூன்று டாலருக்கு மேல் ஆகிறது. அந்தப் பணத்துக்குக் கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் வருகிறதே!

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார் ஓடிய நேரம் வேறு, காது கேட்ட நேரம் வேறு. ஆகவே நம் மாணவரை இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குறிப்புப் புஸ்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் யோக்கியமாக எழுதி அனுப்பினார். பதினாலு மணி நேரம் காரில் இருந்திருக்கிறார்கள். அதில் ஆறு மணி நேரம் குழந்தை தன் பாட்டைக் கைப்பேசியிலிருந்து போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. நாலு மணி நேரம் ஊரிலுள்ள தாயாரோடு டெலிபோனில் பேச்சு. மிச்சம் நாலு மணியில் பாதி நேரம் மனைவியும் அவரும் பேசிக்கொண்டு போனார்களாம். ரேடியோ தாழ்ந்த குரலில் தானாகப் பாடிக்கொண்டிருந்ததாம். இரண்டு வாரத்தில் சாட்டிலைட் ரேடியோவை உண்மையாகக் கேட்டது இரண்டு மணி நேரம்! சந்தா கட்ட வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாயெடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இதே பதில் என்று சொல்லிவிட முடியாது. கைப்பேசிக் கம்பெனியின் அலை எட்டாத மலைப் பிரதேசங்களும் பாலைவனங்களும் அத்தேசத்தில் நிறைய உண்டு. இரவும் பகலும் சரக்கு லாரி ஓட்டுகிற மனிதருக்கு அந்த இடங்களில் ஒரு மனிதக் குரல் கேட்பது எவ்வளவு பெரிய துணை! அவர் விஷயத்தில் நாம் மணிக்கணக்குப் போடவே மாட்டோம். ஆனால் நுட்பமான காது உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குறுகிய அலைவரிசைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களை நெருக்கி அடைப்பதால் நாதம் சற்று ஒடுங்கித்தான் வருகிறது. கார் இரைச்சலில் தெரியாது. காரை நிறுத்திவிட்டுக் கேட்டால் தெரியும்.

சந்தாவில் சேருவதைவிட விலகுவது கடினம் என்பதும் உலகம் அறிந்த சங்கதி. குறைந்த விலையில் சில மாதம் தருவார்கள். அந்தக் கெடு முடிந்ததும் முழு விலை தானாகவே கடன் அட்டையில் ஏறிவிடும். விலக வேண்டுமென்றால் ஒரு சிப்பந்தியோடு பேச வேண்டியிருந்தது. அவர் விலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே பேச்சை வளர்ப்பார். இது பற்றி நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் 2023-ம் வருஷம் டிசம்பரில் வழக்குத் தொடுத்தார். விலகும் முறை சட்டத்துக்கு விரோதமாக வேண்டாத சிக்கல் உடையது என்று 2024-ம் வருஷம் நவம்பரில் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தப் பேச்சில் வியாபார ரகசியம் ஒன்று வெளிப்பட்டுப் போகிறது: விலகுகிறேன் என்றவருக்கு பாதி விலையில் கிடைக்கிறதென்றால், விலகாமல் முழு விலை கட்டுகிறவர் யாருக்காகக் கட்டுகிறார்?

இவ்வளவும் அமெரிக்கக் கதைதானே என்று நேயர்கள் எண்ணலாம். நம் வீடுகளிலும் இது நடந்திருக்கிறது. நோவா சமாரா என்ற ஆப்பிரிக்கப் பெரியவர் 1990-ம் வருஷம் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஏழை நாடுகளுக்கு ஆகாயத்திலிருந்து செய்தியும் கல்வியும் தரவேண்டும் என்பது அவருடைய உயர்ந்த நோக்கம். 2000-ம் வருஷம் மார்ச்சில் அவர்களுடைய ஆசியக் கோள் மேலே போயிற்று. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்குச் சாயலாக, தலைக்கும் அடிவானத்துக்கும் இடையே பாதிக்கு மேலான உயரத்தில் அது நின்றது. சிறிய தட்டு ஒன்றை அந்தத் திசையை நோக்கி ஜன்னலில் சாய்த்து வைத்தால் போதும். 'ஸ்ருதி' என்ற நிலையத்தில் இருபத்து நாலு மணி நேரமும் கர்நாடக சங்கீதம், கே.எல். ரேடியோவில் தமிழ். நடுவில் விளம்பரம் கிடையாது. ஏ. ஆர். ரகுமான் அதன் விளம்பர முகமாக விளங்கினார். நம் தெருவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விடியற்காலை நாலரை மணிக்கு அதைத் திருப்பி வைப்பார்; நாம் சந்தா கட்டாமலேயே, பூபாளமும் மலயமாருதமும் நம் ஜன்னலுக்குள் வந்து சேரும்.

2008-ம் வருஷம் அக்டோபரில் கம்பெனி அமெரிக்கக் கோர்ட்டில் திவால் மனுச் செய்தது. 2009-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு இந்தியாவில் ஒலி நின்றது. உலகம் முழுவதிலும் அதற்கு இருந்த சந்தாதாரரில் மிகப் பெரும்பாலோர் நம் தேசத்தவரே. ஆனாலும் கோள்களின் செலவைத் தாங்க அத்தனை சந்தா போதவில்லை. மேலும், அமெரிக்காவில் இந்த ரேடியோ பிழைத்தது காரில். இங்கே அது ஜன்னலை விட்டு நகரவில்லை.

சந்தா குறைந்து ரேடியோ மடிவது சென்னைக்கு அதுதான் முதல் தடவை என்றும் சொல்வதற்கில்லை. 1924-ம் வருஷம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி ஒலிபரப்பு நடத்தினார்கள். பணமுடையால் 1927-ல் அது நின்றது. அதே வருஷம் பம்பாயில் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் தன் பங்கை நம்பி நின்று, 1930-ல் கலைக்கப்பட்டது. அப்போது தேசம் முழுவதிலும் லைசென்ஸ் எட்டாயிரங்கூட இல்லை. சென்னையில் கிளப்பின் கருவியை நகரசபை ஏற்றுக்கொண்டு 1930-ல் மறுபடி பாட வைத்தது. 1938-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி ஆல் இந்தியா ரேடியோவின் நிலையமும் வந்தது. கம்பெனி கைவிட்டதைப் பொதுப் பணம் கை கொடுத்துத் தூக்கிய கதை அது. வேர்ல்ட்ஸ்பேஸுக்கு அவ்விதம் ஒருவரும் வரவில்லை.

ஆகையால் சந்தா கட்ட நிச்சயித்துவிட்ட குடும்பங்களுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான். மாதச் சந்தாவாகக் கட்டுங்கள். வருஷத்துக்கு மலிவு என்று மொத்தமாக நீட்ட வேண்டாம். சலுகை முடியும் தேதியை, சேர்ந்த அன்றே சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். முன்பு அமெரிக்கக் கம்பெனிகள் 'ஆயுள் சந்தா' என்று ஒன்று விற்றன. பலர் சந்தோஷமாக வாங்கினார்கள். பிறகுதான் ஆயுள் என்பது தங்களுடைய ஆயுள் அல்ல, வாங்கிய ரேடியோக் கருவியின் ஆயுள் என்று தெரிந்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கம்பெனியின் ஒலியைத் தவிர வேறெதையும் பிடிக்காத கருவிக்குத் தனியாகப் பணம் போட வேண்டாம். நம் பாட்டனார் வாங்கிய வால்வு ரேடியோ சென்னையையும், திருச்சியையும், இலங்கையையும் வஞ்சனையில்லாமல் பாடியது. வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டிகள் 2010-ம் வருஷப் பிறப்பன்று எழுந்தபோது, பிடிப்பதற்கு ஆகாயத்தில் அவற்றுக்கு ஒன்றுமே இல்லை.