ஒரே ஒரு ஓட்டு
மக்களாட்சி அறிவோம் – 7

1999 ஏப்ரல் 17. பிரதமர் வாஜ்பாய் அரசு மீதான நம்பிக்கைத் தீர்மானத்துக்கு மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. ஆட்சியில் கட்சிகளுக்கு என்ன வேலை என்பதை அந்த ஒரு நாளை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மக்களவைக்கு நாம் தேர்ந்தெடுத்து அனுப்புவது 543 பேரை. ஆட்சி அமைக்க 272 பேரின் ஆதரவு வேண்டும். அத்தனை பேரும் தனித்தனி ஆட்களாக வந்து உட்கார்ந்தால் யாரைப் பிரதமராக்குவது? பட்ஜெட்டை யார் நிறைவேற்றுவது? இவர்களைக் கொள்கையின் பேரில் அணி சேர்ப்பது கட்சிதான். வேட்பாளரை நிறுத்துவதும், ‘வென்றால் இதையெல்லாம் செய்வோம்’ என்று தேர்தல் அறிக்கை தருவதும், வென்றபின் அமைச்சரவை அமைப்பதும் அதன் வேலைகள்.

எந்தக் கட்சிக்கும் 272 கிடைக்காவிட்டால்? சில கட்சிகள் கைகோத்துக் கூட்டணி ஆட்சி அமைக்கும். 1998 தேர்தலில் பாரதிய ஜனதாவுக்குக் கிடைத்தவை 182 இடங்களே. மற்ற கட்சிகளின் துணையோடுதான் வாஜ்பாய் பிரதமரானார். அவற்றுள் ஒன்றான அதிமுகவுக்கு 18 உறுப்பினர்கள். மறு ஆண்டு அது ஆதரவை விலக்கிக்கொண்டது. உடனே, பெரும்பான்மையை நிரூபிக்கும்படி குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் கேட்டுக்கொண்டார். திமுக, வாஜ்பாய் அரசின் பக்கம் நின்றும் ஓர் ஓட்டு குறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா தன் உறுப்பினர்களுக்கு உத்தரவு போடுவார். அன்று தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரித்தது. ஆனால், அதன் உறுப்பினர் சைபுதீன் சோஸ் எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை நீக்கியது. அவர் மட்டும் மாற்றி வாக்களித்திருந்தால் அரசு தப்பியிருக்கும்!

கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம் என்கிறது 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். அது வரக் காரணம் உண்டு. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். ஓட்டுப் போட்ட மக்களுக்கு என்ன மரியாதை? அதே சமயம், ‘எல்லாவற்றையும் கட்சியே முடிவு செய்தால், உறுப்பினரின் மனசாட்சிக்கு என்ன இடம்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

அரசைக் கேள்வி கேட்பதும், தவறினால் வீழ்த்துவதும் எதிர்க்கட்சிகளின் உரிமை. வீழ்த்திய பிறகு? எதிர்த்து வாக்களித்த 270 பேராலும் சேர்ந்து ஒரு மாற்று அரசை அமைக்க முடியவில்லை. மக்களவை கலைக்கப்பட்டு, தேர்தல் வந்தது. வாஜ்பாயே மீண்டும் பிரதமரானார். எதிர்ப்பதற்கு ஒன்றுசேர்வது எளிது. ஆள்வதற்கு ஒன்றுசேர்வதுதான் கடினம்.

அடுத்த தேர்தலின்போது இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை வாங்கிப் படித்து, ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுரிமை 18 வயதில்தான் கிடைக்கும். கேள்வி கேட்க வயது வரம்பு இல்லை.

(அடுத்த வாரம்: எதிர்க்கட்சித் தலைவருக்கு என்ன வேலை?)