பழைய குட்டி டிராக்டருக்குப் புதுப் பெயிண்டு! சுரண்டினால் கிளம்புது விஷத் தூசி!

வயது 60. உடம்பெல்லாம் துரு. காயலான் கடைக்குப் போக வேண்டிய குட்டி டிராக்டர். அதை வாங்கிவந்து, நட்டு போல்ட்டு வரை கழற்றி, பெயிண்டு அடித்து மறுபடியும் ஓட விடுகிறார்கள்!

அமெரிக்காவில் பலருக்கு இதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. லாபம் பெரிதாக இல்லை. "தாத்தா ஓட்டிய வண்டி" என்ற பாசம்தான்.

ஆனால் அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது பறக்கும் தூசி, வீட்டில் உள்ள குழந்தையைத்தான் முதலில் பதம் பார்க்கும்!

பெரிய டிராக்டரின் தம்பி

இது வயலில் உழும் டிராக்டரின் தம்பி. பெயர், தோட்ட டிராக்டர். வீட்டைச் சுற்றி உள்ள புல்லை வெட்டும். கலப்பை மாட்டினால் காய்கறித் தோட்டம் உழும். முன்னால் தகடு மாட்டினால், வாசலில் குவிந்த பனியைத் தள்ளும்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-ல் "கப் கேடட்" என்ற வண்டியை இறக்கியது. ஒரே சிலிண்டர். 7 குதிரை சக்தி. மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம். 1963-ல் ஜான் டீர் கம்பெனியின் "110" வந்தது. அது பச்சை. "வீல் ஹார்ஸ்" என்றால் சிவப்பு. நிறத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம்.

பச்சைக்கு அடியில் ஆரஞ்சு!

1969-ல் ஜான் டீர் ஒரு புதுமை செய்தது. என்ஜின் மூடிக்கும் சீட்டுக்கும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று 4 நிறங்கள் கொடுத்தது. பச்சைக்குப் பழகிய கண்களுக்கு அது பிடிக்கவில்லை. விற்காத வண்டிக்குப் பச்சை அடித்துக் கொடுத்த கடைக்காரர்களும் உண்டு.

இன்று அந்த 4 நிறங்களுக்குத்தான் கிராக்கி! பச்சையைச் சுரண்டும்போது அடியில் ஆரஞ்சு தெரிந்தால், அடித்தது யோகம்! அந்த ஆசையில் கை தானாக உப்புத் தாளைத் தேடுகிறது. வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

சட்டத்தில் ஓட்டை

ஈயம் கலந்த வீட்டுப் பெயிண்டுக்கு அமெரிக்கா 1978-ல் தடை போட்டது. ஆனால் விவசாய எந்திரங்களுக்கு அடிக்கும் பெயிண்டுக்கு அதில் விலக்கு உண்டு. எச்சரிக்கை வாசகம் ஒட்டியிருந்தால் போதும். ஆகவே "என் வண்டி 1978-க்குப் பிறகு வந்தது" என்று மெத்தனமாக இருக்க முடியாது.

ஈயத் தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். அவ்வளவுதான்! மூளை வளர்ச்சி பாதிக்கும். படிப்பு மந்தமாகும். "இவ்வளவு ஈயம் என்றால் பரவாயில்லை" என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்ன செய்யலாம்?

* முதலில் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.
* காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. வழித்த சேற்றைத் தோட்டத்து மண்ணில் கொட்டக் கூடாது.
* நெருப்பு காட்டி பெயிண்டை உரிக்கக் கூடாது. ஈயம் புகையாகி மூச்சில் ஏறும்.
* சாதாரணத் துணி முகமூடி போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும்.
* வேலை செய்த சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

துருவை நீக்க இன்னொரு வழியும் உண்டு. சலவை சோடா கரைத்த நீரில் இரும்பை மூழ்கவைத்து, பாட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சுவார்கள். துரு கழன்றுவிடும். ஆனால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்! இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எதிர்முனைத் தகடாக எவர்சில்வர் வைத்தால், தண்ணீரே விஷமாகிவிடும். சாதா இரும்புதான் வைக்க வேண்டும்.

நம் வீட்டிலும்...

குட்டி டிராக்டர் நம் ஊரில் இல்லாமல் இருக்கலாம். பழைய இரும்பு கேட், ஜன்னல் கம்பி, பீரோ இருக்கிறதே! இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல், பெயிண்டில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று விதி. அதற்கு முன்பு அடித்த பெயிண்டு அடியில் அப்படியேதான் இருக்கிறது.

பண்டிகைக்குப் புதுப் பெயிண்டு அடிக்கும் முன், பழையதை வறட்டு வறட்டென்று சுரண்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்!