தாளும் கத்தரியும் – 9: ஆறு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்?

சென்ற வாரம் ஆல்பத்துக்கு அட்டை வெட்டினோம். இந்த வாரம் அதில் ஒட்டப்போகும் படங்கள்.

அப்பாவின் மணிவிழாவுக்கு ஆல்பம் செய்பவர்கள் பழைய படங்களை உறவுக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில்தான் கேட்டு வாங்குகிறார்கள். போனில் பளிச்சென்று தெரியும் படம், தாளில் வந்ததும் முகம் கலங்கிக் கிடக்கும். பழி பிரிண்டர் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குறை படத்தில்தான் இருக்கிறது. அந்த அளவுக்கு அதில் பிக்சல் இல்லை.

15 புள்ளிக் கோலத்தில் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கோலம் பெரிதாகும். புள்ளி ஒன்றுகூட அதிகமாகாது. படத்தை இழுத்துப் பெரிதாக்குவதும் அதேதான். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் திருப்தியாக வரும். 4-க்கு 6 அங்குலம் என்றால் 1200-க்கு 1800 பிக்சல். ஏ4 தாள் முழுக்க என்றால் 2480-க்கு 3508. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வருகிற படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 4-க்கு 6 வரை சமாளிக்கலாம். ஏ4 போட்டால் அங்குலத்துக்கு 140 பிக்சல்கூடத் தேறாது. ஆகவே படத்தை ‘டாகுமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. சிறிய பழைய போட்டோவை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்களா? 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள்.

இன்னொரு தொல்லை, தலை வெட்டுப்படுவது. போன் கேமரா படம் பெரும்பாலும் 4:3 விகிதம். ஸ்டூடியோவில் போடும் 4-க்கு 6 அப்படியல்ல. 6 அங்குல அகலத்துக்குக் கொண்டுவந்தால் போன் படத்தின் உயரம் நாலரை அங்குலம் வரும். மேலும் கீழுமாகக் கால் கால் அங்குலம் போய்விடும். குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கும் தாத்தாவின் நெற்றி போவது இதனால்தான். கடைக்காரரிடம் விடாமல், எங்கே வெட்டலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து கொடுங்கள்.

பரிசுப் பெட்டி, கவர் போன்ற மாதிரிகளை வீட்டில் அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆக்சுவல் சைஸ்’ வையுங்கள். இல்லாவிட்டால் பிரிண்டர் ஓரத்துக்கு இடம் விட, எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும். மூடி பெட்டியில் உட்காராது. மாதிரியின் மூலையில் 5 செ.மீ. கோடு ஒன்று போட்டு, முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 4.8 காட்டினால் அமைப்பை மாற்றாமல் விலையுள்ள தாளைத் தொடாதீர்கள்.

12 அங்குலச் சதுர ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏ3 தாளின் அகலம் 11.7 அங்குலம்தான், போதாது. 13-க்கு 19 தாளில் போட்டுத்தரும் டிஜிட்டல் பிரிண்ட் கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்த வாரம் பசை. அதற்குள் உறவுக்காரர்களிடம் ஒரிஜினல் படங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.